புகையிலிருந்து எரிசாராயம்



பத்தாண்டுகளாக இளங்கோவும் கம்பனும் பாரதியும் பேசப்பட்டு வந்த மேடை இது. இங்கு வேதியியலைப் பற்றிப் பேச வேண்டும் என்று பொறுப்பாளர்கள் கேட்டபோது முதலில் தயங்கினேன். ஆனால் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை, சென்ற கூட்டத்தின் இறுதியில் அன்பர் ஒருவர் எழுந்து, "புகையிலிருந்து பெட்ரோலுக்கு மாற்று எடுக்கிறார்களாமே, மின்சாரத்தைச் செலுத்தினால் போதுமாமே, உண்மையா?" என்று கேட்டார். அவர் கேள்விதான் இன்றைய தலைப்பு. 'ஆம்' என்றும் விடை சொல்லலாம், 'இல்லை' என்றும் சொல்லலாம். இரண்டும் பாதி உண்மை. எந்தப் பாதி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

கரியமில வாயு என்பது எரிந்து முடிந்த பொருள். விறகுக்குச் சாம்பல் எப்படியோ, கரிக்கும் பெட்ரோலுக்கும் இந்த வாயு அப்படி. எரியும்போது வெளிவந்த வெப்பம் முழுவதும் போய்விட்டது. மிச்சம் இருப்பதில் எரிவதற்கு ஒன்றும் இல்லை. அதை மீண்டும் எரிபொருளாக்க வேண்டுமானால், போன வெப்பத்திற்கு ஈடான ஆற்றலை எங்கிருந்தாவது கொண்டுவந்து கட்டியே ஆக வேண்டும். இது கடன் கணக்கு. எந்த அறிவியலும் இதில் தள்ளுபடி வாங்கித் தர முடியாது. பேச்சின் கடைசியில் இந்தக் கணக்கிற்குத் திரும்பி வருவேன்.

இந்தத் திருப்பு வேலையை நாள்தோறும் செய்துகொண்டிருப்பவை செடி கொடிகள். படாளத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வண்டிகள் நம் நெடுஞ்சாலையில் போவதைப் பார்க்காதவர் இங்கு இரார். அந்தக் கரும்பு வெயிலைக் கூலியாகக் கொடுத்துக் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கி வைத்திருக்கிறது. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்க வைத்தால் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதை எத்தனாலாக, அதாவது எரிசாராயமாக மாற்றுகிறது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2025-இல் எட்டியதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த ஈஸ்ட்டின் உழைப்புத்தான். ஒன்று கவனியுங்கள்: ஈஸ்ட் ஒரு மூலக்கூறு எத்தனாலை ஆக்கும்போது ஒரு மூலக்கூறு கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. கரும்பு சேர்த்த கரியில் மூன்றில் ஒரு பங்கு, சாராயம் ஆகும் போதே காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. வடிசாலைத் தொட்டியிலிருந்து எழும் இந்த வாயு அனல்மின் நிலையப் புகையைப் போல் அழுக்கானது அன்று, மிகத் தூயது. இதையும் பிடித்து எத்தனால் ஆக்கிவிட முடியுமானால் அதே கரும்பிலிருந்து ஒன்றரை மடங்கு எத்தனால் கிடைக்கும். மின்சாரத்தின் உதவியோடு அதைச் செய்ய முடியுமா என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் கேள்வி.

செய்முறையைப் பார்க்கப் போனால் எளிதாகத் தோன்றும். உப்புக் கரைசலில் இரண்டு தகடுகள், அவற்றுக்கிடையே மின்சாரம். எதிர்மின்வாய்த் தகட்டின் பக்கம் கரியமில வாயுவை ஊத வேண்டும். அங்கே வந்து சேரும் எலக்ட்ரான்கள் வாயுவைப் பற்றி, அதிலுள்ள ஆக்சிஜனைக் கழற்றி, நீரிலிருந்து ஹைட்ரஜனைச் சேர்க்கும். 1870-இலேயே ரொயேர் என்னும் பிரெஞ்சுக்காரர் துத்தநாகத் தகட்டைக் கொண்டு இந்த வாயுவை ஃபார்மிக் அமிலமாக்கிக் காட்டினார். எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம். ஆக, இந்த வேலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் அது ஏன் ஆலையாக எழுந்து நிற்கவில்லை என்று நீங்கள் கேட்க வேண்டும்.

முதல் இடையூறு நீரே. கரியமில வாயுவுக்கு என்று நாம் அனுப்பும் எலக்ட்ரானை நீர் இடைமறித்து வாங்கிக்கொண்டு, ஹைட்ரஜனாகக் குமிழியிட்டுப் போய்விடும். இரண்டாவது இடையூறு, வாயு எங்கே நிற்கும் என்பது நம் கையில் இல்லாதது. இரண்டு எலக்ட்ரான் பெற்றால் கார்பன் மோனாக்சைடு அல்லது ஃபார்மிக் அமிலம். ஆறு பெற்றால் மெத்தனால். எட்டுப் பெற்றால் சாண எரிவாயுவில் உள்ள மீத்தேன். இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து பன்னிரண்டு பெற்றால் எத்தனால். அதே பன்னிரண்டில் எத்திலீனும் உண்டு. நாம் ஏற்றிவிட்ட பயணி எந்த நிறுத்தத்தில் இறங்குவான் என்பதை யார் தீர்மானிப்பது? மின்சாரம் அன்று. தகடு எந்த உலோகத்தால் ஆனது என்பதுதான் தீர்மானிக்கிறது.

1980-களில் ஜப்பானில் சிபா பல்கலைக்கழகத்து யோஷியோ ஹோரி என்பவரும் அவருடன் இருந்தோரும் இதை உலோகம் உலோகமாகப் பொறுமையாகச் சோதித்தார்கள். தங்கமும் வெள்ளியும் கார்பன் மோனாக்சைடு தந்தன. ஈயமும் வெள்ளீயமும் ஃபார்மிக் அமிலத்திலேயே நின்றன. இரும்பு, நிக்கல், பிளாட்டினம் ஆகியவை கரியமில வாயுவை ஏறக்குறைய ஏறெடுத்தும் பாராமல் ஹைட்ரஜனைக் கொடுத்தன. செம்பு மட்டும், நம் வீட்டுக் குடத்துச் செம்புதான், மீத்தேனையும் எத்திலீனையும் எத்தனாலையும் தந்தது. 1985-இலும் அதைத் தொடர்ந்தும் அவர்கள் வெளியிட்ட முடிவுகள்தான் இன்று உலகெங்கும் நடக்கும் இத்துறை ஆராய்ச்சிக்கு அடித்தளம்.

செம்புக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச்சிறப்பு? இங்குதான் பொருள் சுவையாகிறது. வாயு முதலில் கார்பன் மோனாக்சைடாகி உலோகப் பரப்பில் அமர்கிறது. தங்கமும் வெள்ளியும் அதை இறுகப் பற்றுவதில்லை. வந்தது வந்தபடி எழுந்து போய்விடுகிறது. பிளாட்டினமும் நிக்கலும் அதை விடாமல் பிடித்துக்கொள்கின்றன; அமர்ந்தது எழுவதே இல்லை; பரப்பு முழுவதும் அடைபட்டுப்போக, இடுக்கில் ஹைட்ரஜன் மட்டும் வெளிவருகிறது. செம்பின் பிடி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அடுத்த மாற்றம் நிகழும்வரை வைத்திருக்கும்; நிகழ்ந்தபின் விட்டுவிடும். இறுக்கமும் தளர்ச்சியும் அளவாக இருக்கும் பரப்பே நல்ல வினையூக்கி என்னும் இந்த விதியைப் பிரான்சு நாட்டு வேதியியலார் பால் சபாத்தியே சொன்னார். 1912-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். சம்பந்தர் பாடிய ஆட்சீசுவரர் குடிகொண்ட இந்த ஊரில் இதை விளக்குவது எளிது. தேரின் அச்சு இற்ற கதையிலிருந்துதான் ஊருக்கே பெயர் வந்தது என்பது நம் மரபு. வண்டி கட்டியவர்களைக் கேளுங்கள்: கடையாணி இறுகினால் சக்கரம் சுற்றாது, தளர்ந்தால் கழன்று ஓடும். செம்பு நடுவான ஆணி.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் கொடுங்கள். இலக்கிய வட்டம் என்பதால் உரிமை எடுத்துக்கொள்கிறேன். 'வினையூக்கி' என்று நாம் வழங்கும் பொருளுக்கு 1835-இல் பெயர் சூட்டியவர் சுவீடன் நாட்டு பெர்சீலியசு. அவர் எடுத்தாண்ட கிரேக்கச் சொல்லுக்குக் கட்டவிழ்த்தல் என்பது பொருள். நாம் ஊக்குதல் என்றோம். பாடநூலில் பயின்றுவிட்ட நல்ல சொல்தான், மாற்றச் சொல்லவில்லை. ஆனால் ஊக்குவது என்றதும் விரைவு மட்டுமே மாணவன் மனத்தில் பதிகிறது. வினையை விரைவாக்குவது இப்பொருளின் பாதிப் பணி. பல வழிகள் திறந்திருக்கும்போது ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை அடைப்பது மறு பாதி. நான் பேசும் இத்துறையில் அந்த மறு பாதியே முழுத் தலைவலி. 'தேர்' என்னும் வினையும் சேர்ந்து ஒலிக்குமாறு ஒரு சொல்லைப் புலவர்கள் யாரேனும் ஆக்கித் தந்தால் ஆசிரியர்கள் பயன்பெறுவார்கள்.

செம்பு தேர்ந்தெடுக்கிறது என்றேன். உண்மையில் அது சரியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 2012-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு செம்புத் தகட்டின் அருகே உண்டான பொருள்களை நுணுக்கமாகப் பிரித்து எண்ணினார்கள். பதினாறு வகை! ஒரே பானையில் சோறும் குழம்பும் பாயசமும் ஒன்றாய்க் கொதித்ததுபோல. இதிலிருந்து எத்தனால் ஒன்றையே பெற வேண்டும் என்பதற்காகச் செம்பைத் திருத்துவதைத்தான் வினையூக்கி வடிவமைப்பு என்கிறார்கள்.

திருத்தும் வழிகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, படிகத்தின் முகம். செம்பணுக்கள் ஒரு முகத்தில் சதுரம் சதுரமாக அடுக்கப்பட்டிருக்கும். இன்னொரு முகத்தில் முக்கோணமாக. கோலத்தில் புள்ளி வைப்பதில் நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்களே, அதுவேதான். சதுர அடுக்கில் இரண்டு கார்பன் மோனாக்சைடுகள் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து கை கோக்க வசதி உண்டு. முக்கோண அடுக்கில் தனித்தனியே நின்று மீத்தேனாகிப் போவது மிகுதி. ஆகவே சதுர முகம் வெளியே தெரியுமாறு நுண்படிகங்களை வளர்க்கிறார்கள். மற்றொன்று, துணை உலோகம் சேர்ப்பது. செம்பின் அருகே வெள்ளித் துகள்களை வைத்தால், வெள்ளி கார்பன் மோனாக்சைடை ஆக்கி ஆக்கி விட, செம்பு அதை வாங்கி இணைக்கிறது. ஒருவர் நாற்றுப் பறிக்க, மற்றவர் நடுவது போன்ற வேலைப் பங்கீடு.

இணைந்தபின்னும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. எத்திலீனும் எத்தனாலும் நெடுந்தொலைவு ஒரே பாதையில் வருபவை. கடைசியில் எஞ்சியிருக்கும் ஓர் ஆக்சிஜனைக் கழற்றிவிட்டால் எத்திலீன் வாயு. கழற்றாமல் வைத்துக்கொண்டால் எத்தனால். அந்த ஓர் ஆக்சிஜனைக் காப்பாற்றுவதற்காகக் கணிப்பொறியில் ஆயிரக்கணக்கான உலோகக் கலவைகளைக் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். அத்தனை கணக்கும் ஒருபுறம் இருக்க, குருட்டாம்போக்கில் கிடைப்பதும் உண்டு. 2016-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தார் முள்முள்ளான கரிப்பரப்பின் மீது செம்புத் துகள்களைப் பதித்து, ஒரு வினையின் முதற்படியை மட்டும் ஆராயப் புகுந்தார்கள். வினை தானாகவே மேலே நடந்து, செலுத்திய மின்சாரத்தில் 63 விழுக்காடு எத்தனாலாகிவிட்டது. 2019-இல் யேல் பல்கலைக்கழகத்தில், நீல மைக்கு நிறம் தரும் சேர்மங்களின் இனத்தைச் சேர்ந்த ஒரு கோபால்ட்டு மூலக்கூறைக் கரிக்குழல்களில் ஒட்டி, 40 விழுக்காட்டுக்கு மேல் மெத்தனால் கண்டார்கள். செம்பு ஒருபோதும் சரியாகத் தராத மெத்தனாலை ஒரு சாய இனம் தந்தது வியப்புத்தான்.

வாயு தகட்டை வந்தடைவதும் ஒரு சிக்கல். ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய ஒன்றரைக் கிராம் கரியமில வாயுதான் கரையும். அதை நம்பி ஆலை நடத்த இயலாது. ஆகவே வாயு ஒரு பக்கமும் நீர் மறுபக்கமும் இருக்க, இடையே நீர் ஒட்டாத கரித்தாளை வைத்து, அதன் மேல் செம்பைப் படிய வைக்கிறார்கள். தாமரை இலைத் தண்ணீர் என்போமே, அதே தன்மை. இலை நனைந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. பல ஆய்வகங்களில் கலன் நின்றுபோவதற்கு இந்த நனைதலே காரணம். அதோடு, வினையில் உண்டாகும் காரம் வாயுவைக் கார்பனேட்டாகப் பிடித்துக்கொள்கிறது. எத்தனால் ஆக்கும் கலனில், உள்ளே நுழைந்து செலவாகும் வாயுவில் நான்கில் மூன்று பங்கு வரை இவ்வாறு திசைமாறிப் போகக்கூடும். கடைசியில் எரிசாராயம் நமக்குத் தனியாகக் கிடைப்பதும் இல்லை. உப்பு நீரில் சில விழுக்காடாகக் கலந்து நிற்கும். அதைக் காய்ச்சி வடிக்க மறுபடியும் வெப்பம் வேண்டும்.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. மெத்தனால், எத்தனால் என்று இரண்டு பெயர்களை அடுத்தடுத்துச் சொல்லிவிட்டேன். இந்த வட்டாரத்தில் அவ்வளவு எளிதாகச் சொல்லிக் கடக்கக்கூடிய பெயர்களா அவை? 2023 மே மாதத்தில் நமக்கு அருகிலேயே சித்தாமூர்ப் பக்கத்துப் பெருங்கரணையிலும், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். நிறம் ஒன்று, எரியும் தன்மை ஒன்று, மணமும் ஏறக்குறைய ஒன்று. வேறுபாடு ஒரே ஒரு கார்பன் அணு. எத்தனாலில் இரண்டு கார்பன், மெத்தனாலில் ஒன்று. செம்புத் தகட்டின் மேல் இரண்டு மூலக்கூறுகள் கை கோத்தனவா, கோக்கவில்லையா என்று சற்றுமுன் சொன்னேனே, அதே வேறுபாடு.

அந்த வேறுபாடு உடலுக்குள் எப்படி உயிரைக் குடிக்கிறது என்பதும் வினையூக்கியின் கதையே. கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி, அதாவது உயிர் செய்துகொண்ட வினையூக்கி, சாராயத்தை மாற்றி வெளியேற்றப் பார்க்கிறது. எத்தனால் வந்தால் முடிவில் அதை வினிகரில் உள்ள அமிலமாக்க உடலுக்குத் தெரியும். அது எரிந்து தீரும். மெத்தனால் வந்தாலும் அந்த நொதி அதே வேலையைச் செய்கிறது. விளைவது முதலில் ஃபார்மால்டிஹைடு. பிறகு ஃபார்மிக் அமிலம். அந்த எறும்பு அமிலம் இரத்தத்தில் தேங்கிக் கண் நரம்பைச் சுட்டு, மூச்சை நிறுத்துகிறது. பார்வை மங்குவதாக முதலில் அவர்கள் சொல்வது அதனால்தான். மின்கலத்தில் கரியமில வாயு ஃபார்மிக் அமிலம் வழியாகவோ கார்பன் மோனாக்சைடு வழியாகவோ மெத்தனாலை நோக்கி ஏறுகிறது; கல்லீரலில் மெத்தனால் ஃபார்மிக் அமிலத்தை நோக்கி இறங்குகிறது. மருத்துவமனையில் செய்யும் மருத்துவத்திலும் தேர்வே பயன்படுகிறது. ஃபோமெபிசோல் என்னும் மருந்தையோ, அது கிடைக்காவிடில் அளந்த எத்தனாலையோ செலுத்துகிறார்கள். நொதி அதைப் பற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் மெத்தனால் மாறாமல் சிறுநீர் வழியாகவும் இரத்தச் சுத்திகரிப்பாலும் வெளியேறிவிடும்.

இதை விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 'மெத்தனால் பொருளாதாரம்' என்று நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஓலாவும், அவருடன் நம் நாட்டிலிருந்து சென்ற சூரிய பிரகாஷ் முதலியோரும் 2006-இல் நூலே எழுதினார்கள். கப்பலுக்கும் ஆலைக்கும் அது நல்ல எரிபொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை டன் டன்னாக உற்பத்தி செய்து லாரிகளில் ஏற்றி இந்த நெடுஞ்சாலையில் கொண்டுபோவதற்கு முன், ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கும், கசப்பும் நிறமும் கலந்த காப்பும் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை வேறு எந்த ஊரைவிடவும் இந்த வட்டாரத்திற்கு உண்டு. எரிபொருள் ஆய்வுக் கட்டுரைகளில் இந்தப் பத்தியை நான் அதிகமாகப் பார்த்ததில்லை.

நம் நாட்டில் இத்துறையில் நடப்பவற்றைச் சொல்ல வேண்டும். மின்வேதியியல் என்றாலே தமிழர் நினைக்க வேண்டிய ஊர் காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953 பொங்கலையொட்டித் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். இந்தியாவில் உப்பு நீரைப் பிரிப்பது முதல் துரு தடுப்பது வரை அங்கிருந்து கிளம்பிய நுட்பங்கள் ஏராளம். சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2006-இல் தேசிய வினையூக்க ஆய்வு மையம் அமைந்தது. அதை உருவாக்கிய பேராசிரியர் பா. விசுவநாதனும், ஆலிஸ் சிபியோவும் சேர்ந்து கரியமில வாயுவை மின்சாரத்தால் மாற்றுவது பற்றி 2004-இலேயே ஒரு விரிவான நிலை அறிக்கையை எழுதினார்கள். 2018-இல் கரியமில வாயுவிலிருந்து வேதிப்பொருள்களும் எரிபொருள்களும் பெறுவது பற்றி ஒரு பெருநூலே வெளியிட்டார்கள். உலகம் இத்துறையில் பரபரப்படைவதற்கு முன்னரே சென்னையில் அமர்ந்து அதை முழுவதும் படித்துத் தொகுத்தவர்கள் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புகையைப் பிடிக்கும் வேலை தூத்துக்குடியில் நடந்தது. 2016-இல் அங்குள்ள கார உப்பு ஆலை ஒன்றில், நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிரித்து, சோடா உப்புச் செய்யும் அமைப்பு இயங்கத் தொடங்கியது. கரக்பூரில் படித்த இரண்டு இளைஞர்கள் உருவாக்கிய நிறுவனத்தின் கரைப்பான் அதற்குப் பயன்பட்டது. அரசு மானியம் இல்லாமல் நடந்தது என்று வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வியந்து எழுதினார்கள். பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்துப் பேராசிரியர் செபாஸ்டியன் பீட்டரின் ஆய்வில் கிளைத்த ஒரு நிறுவனம், கரியமில வாயுவை மெத்தனாலாக்கும் முறைக்காக 2018-இல் உலகப் போட்டி ஒன்றின் இறுதிப் பத்தில் இடம் பெற்றது. மத்தியப் பிரதேசத்து விந்தியாசலில் தேசிய அனல்மின் கழகம் தன் சொந்தப் புகையிலிருந்து பிரித்த வாயுவோடு, நீரை மின்சாரத்தால் பகுத்துக் கிடைத்த ஹைட்ரஜனைச் சேர்த்து 2024-இல் மெத்தனால் ஆக்கிக் காட்டியது.

இந்த விந்தியாசல் முறை நான் சொன்ன செம்புத் தகட்டு முறை அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஹைட்ரஜன். பிறகு வெப்பமும் அழுத்தமும் கொடுத்து, செம்பு-துத்தநாக வினையூக்கிகளின் மேல் அதைக் கரியமில வாயுவோடு சேர்ப்பது. இரண்டு படி. ஐஸ்லாந்தில் 2012-இல் ஓலாவின் பெயரிலேயே தொடங்கிய இவ்வாறான ஆலை ஒன்று பின்னர் ஆண்டுக்கு 4,000 டன் அளவுக்கு விரிந்தது. நெருப்பும் நீராவியும் இல்லாமல் ஒரே கலனில் ஒரே படியில் முடிக்கும் செம்புத் தகட்டு முறை அழகானது. ஆயினும் இன்று ஆலையாக நிற்பது இரண்டு படி முறையே. 2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடித் திட்டம் தொடங்கியபோது, கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் நிலையத்திற்கும் அடிக்கல் நாட்டினார்கள். 

இனி, நான் சொன்ன கடன் கணக்கு. மாணவர்கள் தாளில் குறித்துக்கொண்டு வீட்டில் சரிபார்க்கலாம். ஒரு கிலோ எத்தனால் ஆக்க 1.9 கிலோ கரியமில வாயு வேண்டும். எந்த இழப்பும் இல்லாத, தெய்வமே செய்து கொடுத்த வினையூக்கி ஒன்று கிடைத்தாலும், அதற்குக் குறைந்தது 8 யூனிட் மின்சாரம் செலவாகும். இன்றைய நல்ல ஆய்வகக் கலனை எடுத்துக்கொள்வோம்: மூன்று வோல்ட்டு மின்னழுத்தம், செலுத்திய மின்சாரத்தில் பாதி எத்தனாலுக்கு. கணக்கு 42 யூனிட் என்று வருகிறது. லிட்டருக்குச் சொன்னால் 33 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்றால் மின்சாரம் மட்டுமே 165 ரூபாய். அறுபது எழுபது ரூபாய்க்கு எண்ணெய் நிறுவனங்கள் ஈஸ்ட் செய்த எத்தனாலை வாங்கிக்கொண்டிருக்கின்றன.

பணத்தையாவது விடுங்கள். நம் மின்கம்பியில் வரும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியால் ஆனது. கல்பாக்கத்து அணுமின்சாரம், காற்று, வெயில், அணை எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தாலும், இந்தியாவில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 42 யூனிட்டுக்கு 29 கிலோ. இரண்டு கிலோ வாயுவைப் பிடிக்க இருபத்தொன்பது கிலோவை வெளியே விடுகிறோம்! குறையே இல்லாத அந்தத் தெய்வ வினையூக்கியைக் கொண்டுவந்து வைத்தாலும் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வெளியாகும். அப்போதும் பிடிப்பதைப்போல் மூன்று மடங்கு. ஆகவே வினையூக்கியை எவ்வளவு திருத்தினாலும், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வியை அது தீர்க்காது. 'புகையிலிருந்து எரிபொருள்' என்று முழங்குவோரிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் கம்பி எங்கே போய் முடிகிறது என்பதுதான்.

காற்றாலை மின்சாரமே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 33 யூனிட்டை ஒரு மின் ஸ்கூட்டருக்கு ஏற்றினால் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். அச்சிறுபாக்கத்திலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பும் வழியில் பெரும்பகுதியும் வந்துவிடலாம். அதே 33 யூனிட்டைச் சாராயமாக்கி ஒரு ஸ்கூட்டரில் ஊற்றினால் முப்பது கிலோமீட்டர். செங்கல்பட்டை எட்டுவதே பெரும்பாடு. இரு சக்கர வண்டிக்கும் பேருந்துக்கும் இந்த வழியைப் பரிந்துரைப்பது அறிவுடைமை ஆகாது என்பது என் கருத்து. பாட்டரியைச் சுமந்து கடல் கடக்க முடியாத கப்பலுக்கும், வானூர்திக்கும், இன்று பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக், மருந்து முதலியவற்றின் மூலப்பொருளுக்கும் இது ஏற்றது. மெத்தனாலில் ஓடும் 'லாரா மேர்ஸ்க்' என்னும் சரக்குக் கப்பல் 2023-இல் கடலில் இறங்கிவிட்டது.

ஆடிக் காற்றில் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் மின்சாரம் மிஞ்சுகிறதே, அதைப் பயன்படுத்தலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நான்கு மாதம் ஓடி எட்டு மாதம் நிற்கும் ஆலையின் முதலீட்டுச் செலவு ஒவ்வொரு லிட்டரின் தலையிலும் மும்மடங்காக ஏறும். அன்றியும், நின்று நின்று ஓடுவதைச் செம்பு விரும்புவதில்லை. மின்சாரம் ஓடும்போது செம்பின் பரப்பு தன்னைத்தானே மாற்றி அடுக்கிக்கொள்கிறது. நாம் பாடுபட்டு அமைத்த சதுர முகம் சில நூறு மணி நேரத்தில் வேறு முகமாகிவிடுகிறது. நிறுத்தித் தொடங்கினால் இந்த மாற்றம் இன்னும் விரைவு. ஆலைக்கு வேண்டியது பல்லாயிரம் மணி நேரம் நிலைத்திருக்கும் பரப்பு. இன்று ஆய்வகங்களில் மிகுதியாக உழைப்பு செலவாவது, எத்தனாலின் விழுக்காட்டை உயர்த்துவதைவிட, கிடைத்த விழுக்காட்டைக் கலையாமல் வைத்திருப்பதில்தான் வேண்டும் என்பது இத்துறையைத் தொடர்ந்து படித்துவரும் எனக்குத் தோன்றுவது. கட்டுரைகளில் உயர்ந்த விழுக்காடு தலைப்பில் நிற்கிறது. எத்தனை மணி நேரம் நின்றது என்பது உள்ளே எங்கோ ஒளிந்திருக்கிறது.

கேள்வி கேட்ட அன்பருக்கு விடை: புகையிலிருந்து எரிசாராயம் எடுக்க முடியும், எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பெட்ரோல் நிலையத்திற்கு அது இப்போதைக்கு வராது. வர வேண்டிய தேவையும் இல்லை. வடிசாலைத் தொட்டியின் மேல் எழும் தூய வாயுவை, வெயில் மின்சாரம் மலிந்த இடத்தில், கப்பலுக்கு வேண்டிய எரிபொருளாக்குவது முதலில் கைகூடலாம். மேல்நிலை வகுப்பு மாணவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். கணக்கில் எங்கேனும் பிழை கண்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.